கடைசி முட்டுக்கம்பு

எங்கள் லைன் வீடுகளில் சுவர் கூரைவரைக்கும் போகாது. ஆறடிக்கு மேலே எட்டு வீட்டுக்கும் ஒரே ஷீட், ஒரே காற்று. முதல் வீட்டில் ஒருவன் தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து 'நூறு' என்று வாழ்த்துவார்கள். ஆகையால் பக்கத்து வீட்டு உச்சிமாகாளியின் கதையை நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அது தானாக வந்து காதில் விழுந்தது.

மலையாளக்கரையில் கழக்கூட்டம் என்ற ஊரில், கண்ணாடி போட்ட ஆபீஸ்களுக்குப் பின்பக்கம், ரயில் பாதைக்கு இந்தப்புறம் எங்கள் லைன். எல்லாரும் தெக்கத்தி ஆட்கள். திசையன்விளை, உடன்குடி, நாங்குநேரி. அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்குக் கம்பி கட்டியதும் கான்கிரீட் போட்டதும் பெயிண்ட் அடித்ததும் நாங்கள்தான். இப்போது உள்ளே போக வேண்டுமானால் கழுத்தில் அட்டை தொங்க வேண்டும். போகட்டும், எங்களுக்கு அங்கே என்ன வேலை.

நான் பெயிண்டர். பேர் வன்னியராஜ். சபைக்குப் போகிறவன் இல்லை. நல்லது கெட்டதுக்குப் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பதோடு சரி. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பிறகு நான் ஏதோ ஊழியத்துக்கு ஆள் பிடிக்கிறேன் என்று பேச்சு வரக்கூடாது.

உச்சிமாகாளி வார்க்கப்பணி மேஸ்திரி. கான்கிரீட் தளம் போடுவதை இங்கே வார்ப்பு என்பார்கள். பலகைத் தட்டு அடித்து, அதைத் தாங்கக் கீழே முட்டுக்கம்பு கொடுத்து, மேலே கலவையைக் கொட்டி, இருபத்தோரு நாள் காத்திருந்து தட்டைப் பிரிப்பதுவரை அவன் பொறுப்பு. பணியில் கெட்டிக்காரன். குடியில் அதைவிடக் கெட்டி. சோற்றுப் பானையை அவன் முற்றத்தில் எறியாத வாரம் கிடையாது. நெளிந்து நெளிந்து உருத்தெரியாமல் போன அந்தப் பானையைக் காட்டி அவன் பெண்சாதி பொன்செல்வி சொல்லுவாள், "இதுக்கும் எனக்கும் ஒரே ராசி அண்ணாச்சி."

அப்படிப்பட்டவன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள்காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். பக்கத்துக் கட்டிலில் கிடந்த யாரையோ பார்க்க வந்த சத்தியநேசன் பாஸ்டர், இவனுக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தார். பத்தொன்பது நாள். ஒரு நாளும் வேதம் பேசவில்லை, கஞ்சி மட்டும்தான். இருபதாம் நாள் இவனே கேட்டான், "நீரு யாருவே, எனக்கு எதுக்குக் கஞ்சி தாரீரு?" அன்றைக்கு ஆரம்பித்தது. குடியை விட்டான். ஓணம்வரை தாங்காது என்று லைனில் பந்தயம் கட்டினோம். ஓணம் போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று, அடுத்த ஓணமும் போயிற்று. தோற்றதில் எனக்குச் சந்தோஷம்தான். பானை நெளியாமல் இருந்ததே, அது போதாதா.

சபை என்றால் பெரிய கோயில் ஒன்றும் இல்லை. ஷீட் போட்ட ஒரு ஜெபவீடு. ஞாயிற்றுக்கிழமை அங்கே சாட்சி சொல்லும் நேரம் உண்டு. தான் எப்படிக் கெட்டுக் கிடந்தேன், எப்படி மீண்டேன் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் சொல்ல என்ன இருக்கிறது? தலைவலி போனது, வேலை கிடைத்தது, இவ்வளவுதான். உச்சிமாகாளி மைக்கைப் பிடித்தால் ஜெபவீடே அதிரும். பொன்செல்வி முன்வரிசையில் வலது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தக் காலைக் காட்டித்தான் அவன் சாட்சியை முடிப்பான்.

"என் பெஞ்சாதி காலப் பாருங்க. இவ அண்ணன் சுடலைக்கண்ணு, சிமென்ட்டக் கொறச்சி மோசமா கலவ போட்டு, தளம் இடிஞ்சி இவ கால் போச்சி. வருசக்கணக்கா அவன வெட்டணும்னு அலைஞ்சேன். இன்னைக்கு மனசார மன்னிச்சிட்டேன்!"

அல்லேலூயா ரயில் பாதைக்கு அந்தப்புறம் வரை கேட்கும். பொன்செல்வி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஆனால் அவள் மன்னிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அண்ணன் வீட்டுத் திசையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினவள். அவர் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை.

சுடலைக்கண்ணுவை எனக்கு நன்றாகத் தெரியும். கலவையில் அவர் ராஜா. மிஷின் வாயிலிருந்து விழுகிற கலவையைக் கையில் எடுத்து ஒரு பிடி பிடித்தாலே போதும், தண்ணீர் கூடியதா சிமென்ட் குறைந்ததா என்று சொல்லிவிடுவார். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வார்ப்பிலும் கடைசிக் கலவையில் கொஞ்சம் எடுத்து ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அழுத்தி வைத்து, ஆணியால் தேதி கீறி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். தண்ணீரில் ஊறப்போட்டு, மாதம் ஒன்று ஆனதும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே தன் வேலைக்குத் தானே மார்க் போட்டுக்கொள்வார். அந்தத் தளம் இடிந்த பிறகு அவரைச் 'சிமென்ட் கள்ளன்' என்றார்கள். ஒரு சைட்டிலும் சேர்க்கவில்லை. இடிந்த தளத்தின் சிரட்டையை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனார். யாரும் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. இப்போது பழவங்காடிக் கோயிலில் உடைகிற தேங்காயை வாரி மூட்டை கட்டுகிற வேலை.

இந்த ஐப்பசியில் ஜெபவீட்டுக்குக் கான்கிரீட் கூரை போடுவது என்று முடிவாயிற்று. மேஸ்திரி உச்சிமாகாளி, கூலி இல்லாமல். லைன் ஆட்கள் எல்லாரும் ஒரு நாள் உழைப்பைத் தருவதாகச் சொன்னோம். அது வழக்கம்தான், ஒரு வார்ப்பு என்றால் சாமி பார்த்தா கை கொடுப்பார்கள்? கூரை முடிந்ததும் உச்சிமாகாளிக்கு ஞானஸ்நானம் என்றும் பேச்சு. அப்போதுதான் சத்தியநேசன் பாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. அவர் பாறசாலைக்காரர், பேச்சில் பாதி மலையாளம். சூது வாது தெரியாத மனுஷர்.

"பிரதரே, நம்ம வார்ப்புக்கு அந்தச் சுடலைக்கண்ணையே கலவைக்கு விளிச்சா எப்படி இருக்கும்? நீங்க மன்னிச்ச காரியத்தை அவரும் அறியண்டாமா? அதல்லே பெரிய சாட்சி!"

உச்சிமாகாளிக்கு முகம் செத்துப்போயிற்று. "அவரு எங்க இருக்காருன்னு தெரியாது பாஸ்டர்" என்றான்.

"பழவங்காடியிலதான இருக்காரு. நான் காட்டித் தாரேன்" என்றேன் நான். வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான்.

மறுநாள் காலை மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். பழவங்காடியில் எப்போதும் போலக் கூட்டம். தேங்காய் உடைகிற சத்தம் ஓயவே இல்லை. சுடலைக்கண்ணு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சில்லுகளை வாரிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"ஸ்தோத்திரம்" என்றார் பாஸ்டர். "இவரை அறியுமல்லோ?"

சுடலைக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். "அறியாம பின்னே? என் தங்கச்சி மாப்பிள்ளையாக்கும்."

"பழசெல்லாம் பிரதர் விட்டுட்டாரு. உங்க கலவையால சிஸ்டருக்கு வந்த கேடை மனசார மன்னிச்சிட்டாரு. சபையில எல்லாரு முன்னாலயும் சொல்லியாச்சு. அதை உங்ககிட்ட நேர்ல பறயணும்னுதான் வந்தோம்."

கையிலிருந்த தேங்காய் மூடியால் எங்களில் ஒருவர் மண்டையையாவது அவர் பிளக்கப் போகிறார் என்று நான் ஒரு அடி தள்ளி நின்றேன். அவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு உச்சிமாகாளியின் முகத்தையே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மன்னிச்சிட்டியளா மச்சான்?"

உச்சிமாகாளி காலடியில் கிடந்த ஒரு சில்லைக் காலால் நகர்த்தினான்.

"செரி. நல்லது" என்றார் சுடலைக்கண்ணு. "செல்விக்குக் கால் எப்பிடி இருக்கு? மழைக்காலத்துல எலும்பு குடையுமே."

"குடையத்தான் செய்யிது" என்றான் உச்சிமாகாளி. அவன் அங்கே பேசியது அது ஒன்றுதான்.

"வார்ப்பு என்னைக்கு?"

"ரெண்டாம் சனியாழ்ச்ச" என்றார் பாஸ்டர்.

"வாரேன். கூலி வேண்டாம். தங்கச்சி கையால ஒரு வாய் கஞ்சி தந்தா மதி, அது போதும்." சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாஸ்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உச்சிமாகாளி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தான். கழக்கூட்டம் வந்தும் அவன் இறங்கவில்லை. நான்தான் தோளைத் தட்டி இறக்கினேன்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் துலாவர்ஷ மழை கொட்டித் தீர்த்தது. பணி இல்லை. லைனில் எல்லாரும் வீட்டில்தான். பொன்செல்வி ஹாஸ்டல் மெஸ்ஸில் சமையல் வேலை முடிந்து வந்து மரச்சீனிக் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். சாளை மீன் குழம்பு வாசனை சுவருக்கு மேலே ஏறி எங்கள் வீட்டுக்குள் வந்தது. நான் வெறும் ரசத்தோடு உட்கார்ந்து அதை மூக்கால் தொட்டுக்கொண்டிருந்தேன்.

"செல்வி, அடுப்ப அணை" என்றான் உச்சிமாகாளி.

"எதுக்கு? கெழங்கு வேகல."

"அணைன்னு சொல்லுதேம்லா. சூடா ஒண்ணும் ஒங்கையில இருக்கண்டாம்."

அடுப்பு அணைந்த சத்தம் கேட்டது. நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன்.

"ஒங்கண்ணன் கலவ நல்ல கலவட்டி."

"யாரு சொன்னா?"

"நான் சொல்லுதேன். முட்டுக்கம்ப உருவுனது நான். இருவத்தொண்ணு நாளு நிக்க வேண்டியத எட்டாம் நாளு உருவிட்டேன். ஆக்குளம் சைட்டுல கம்பு பத்தல, கொண்டு போவலாம்னு வாசல்ல அடுக்கி வச்சிருந்தேன். காலைலயே குடிச்சிருந்தேன். பணிக்கு வந்த நீ, கீழ கெடந்த தகரம் பொறுக்க உள்ள போனது எனக்குத் தெரியாது."

"பொய் சொல்லாதிய. நான் பாத்தேன். விழுந்து கெடக்கயில எந்தலமாட்டுல கம்பு நின்னுச்சி. அதப் பாத்துக்கிட்டேதான் மயங்குனேன்."

"அது பொறவு நிறுத்துனது."

"எப்பப் பொறவு?"

மழை ஷீட்டில் இரைந்தது. அவன் சொன்னது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"நீ கெடக்கும்போதே. இன்சினியர் வந்து பாப்பாருன்னு பயம். நாலு கம்பு. ஒன்னயத் தூக்குததுக்கு முந்தி கம்பத் தூக்கி நிறுத்துனேன்."

பாத்திரம் பறக்கும் என்று எதிர்பார்த்தேன். பறக்கவில்லை. பிறகு பொன்செல்வியின் குரல் மிக மெதுவாக வந்தது.

"நான் தண்ணி கேட்டேம்லா."

"ஆமா."

"'இன்னா வாரேன், இன்னா வாரேன்'னு சொன்னிய."

"ஆமா."

"அது கம்பு நிறுத்துன நேரமா?"

ஒரு ஆண் அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. சோற்றுக் கையைக் கழுவாமல் சுவரில் ஒரு குத்து விட்டேன், அவ்வளவு ஆத்திரம். பொன்செல்விதான் அந்தப்பக்கமிருந்து சொன்னாள், "அண்ணாச்சி, நீங்க சும்மா இருங்க."

அவள் குடையையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று பேசினாள். இப்போது லைன் முழுவதும் கேட்டது.

"பதினோரு வருசம் எங்கூடப்பொறந்தவனுக்கு மண்ண வாரித் தூத்தியிருக்கேன். நீங்க மைக்கப் புடிச்சி அவன மன்னிச்சிருக்கிய. நானும் கூட இருந்து அழுதிருக்கேன். வீட்டுக்குள்ள எங்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது. எந்த மைக்குல மன்னிச்சியளோ அதே மைக்குல சொல்லணும்."

"சொன்னா காண்ட்ராக்டர் சாரு பணிய விட்டு நிறுத்திருவாரு செல்வி."

"நிறுத்தட்டும். எங்கண்ணனுக்கு மட்டும் பணி இருந்துச்சோ?"

அந்தக் காலை இழுத்து இழுத்து மழையில் பஸ்ஸ்டாப்புக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த பத்து நாள் அவள் அண்ணன் வீட்டில். புருஷனே மைக்கில் சொல்லட்டும் என்று அண்ணனிடம் எதையும் கேட்கவில்லையாம். இவன் தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்தான். உப்பு ஒரு நாளும் சரியாக இல்லை என்பது அவன் குடிக்கிற சத்தத்திலேயே தெரிந்தது. பகலில் ஜெபவீட்டுக்குத் தட்டு அடித்தான். ஒரு முட்டுக்கம்பு நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு கொடுத்தான். ஒரு சாயங்காலம் பீவரேஜ் மதுக்கடை வரிசைக்கு எதிரே அவன் நிற்பதைப் பார்த்தேன். போச்சு, தோற்ற பந்தயத்தில் இப்போது ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கிட்டே போனதும் அவன் சொன்னது இது.

"அண்ணாச்சி, ஒரு குவார்ட்டர் உள்ள போனா நாளைக்கே சொல்லிருவேன். பெரிய காரியமே இல்ல. குடிக்காமச் சொல்லணும். அதான் கை நடுங்குது." சொல்லிவிட்டு அடுத்த கடையில் கிழங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சுவரில் குத்தின கோபம் எனக்கு அன்றைக்குத்தான் பாதி இறங்கியது.

இரண்டாம் சனிக்கிழமை விடிந்ததும் வானம் வெளுத்திருந்தது. ஆனால் மத்தியானம் மழை நிச்சயம், அதற்குள் கலவை ஏறிவிட வேண்டும். மிஷின் வந்து நின்றது. சாதாரணமாக வார்ப்புக்கு முன்னால் மிஷினுக்குச் சந்தனம் வைத்துத் தேங்காய் உடைப்போம். இங்கே ஜெபம் மட்டும்தான். எனக்கு மனசு கேட்கவில்லை, யாரும் பார்க்காத நேரம் சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தேன். பாஸ்டர் பார்த்துவிட்டார். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷர்.

மிஷினை இலவசமாக அனுப்பினவர் காண்ட்ராக்டர் ராமசுப்ரமணியன். வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சைட்டில் இன்ஜினியராக இருந்தவரும் இவர்தான். இப்போது எங்கள் பாதிப் பேருக்குச் சோறு போடுகிறவர். அவரும் வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

சுடலைக்கண்ணு வந்தார். கூடவே பொன்செல்வி. அவள் தலையில் முண்டாசு கட்டியிருந்தாள், பணிக்கு வந்தவள்போல. புருஷன் பக்கம் அவள் முகம் திரும்பவே இல்லை. "சிமென்ட் கள்ளனா கலவைக்கு?" என்று யாரோ முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

ஜெபம் முடிந்து பாஸ்டர் மைக்கை உச்சிமாகாளியிடம் கொடுத்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. "பிரதர் தன் மன்னிப்பைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுவாரு" என்றார்.

மைக் கரகரத்தது. வழக்கமான அதிரடி எதுவும் இல்லை. கணக்குப்பிள்ளையிடம் ஆஜர் சொல்லுகிறவன்போலச் சொன்னான்.

"நான் இந்த மைக்குல சொன்னது பொய்யி. மச்சான் கலவையில ஒரு குத்தமும் இல்ல. எட்டாம் நாளு முட்டுக்கம்ப உருவுனவன் நான். குடிச்சிருந்தேன். இவ அடியில கெடக்கயில, இவளத் தூக்காம கம்பத் திரும்ப நிறுத்தி வச்சி, கலவையப் பழி சொன்னேன். இவருக்குப் பதினோரு வருசம் பணி இல்லாம ஆக்குனேன். அதுக்கும் மேல, இவர மன்னிச்சேன்னு சொல்லி ஒங்ககிட்டல்லாம் கைதட்டு வாங்குனேன். மன்னிக்க வேண்டியது நான் இல்ல. அவரு."

அல்லேலூயா சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. பாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

பொன்செல்வி அண்ணனின் பையைத் திறந்து, இடிந்த தளத்தின் அந்தச் சிரட்டையை எடுத்தாள். ஓடு எப்போதோ உதிர்ந்து போயிருந்தது. உள்ளே இருந்த கான்கிரீட் மட்டும் அரைத் தேங்காய் மாதிரி இருந்தது, தேதியோடு. அதைக் கல்லின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "சுத்தியல் தாங்க" என்றாள். கம்பி வளைக்கிற பெரிய சுத்தியலை நான்தான் கொடுத்தேன். ஓங்கி அடித்தாள். கணீர் என்றது. இரண்டாவது, மூன்றாவது. அடித்த இடம் வெளுத்ததே தவிர ஒரு கீறல் விழவில்லை. சுத்தியலைப் போட்டுவிட்டு அண்ணன் காலில் விழப் போனாள். அவர் பிடித்துக்கொண்டார்.

"விடுட்டி, விடு."

"நீ ஏன் சொல்லல்ல? ஒனக்குத் தெரியும்லா, கலவ நல்லதுன்னு தெரியும்லா! கம்புதான்னு தெரியும்லா!"

"கெட்டது கலவ இல்லன்னா கம்புதான், வேற என்ன?" என்றார் சுடலைக்கண்ணு. "சிரட்டயத்தான் காட்டிப் பாத்தேன். கம்புன்னு வாயத் தொறந்தா இவரு ஜெயிலுக்குப் போவாரு. ஒனக்குக் காலும் போயி புருசனும் போயிட்டா நீ எங்க போவ? எனக்கு ரெண்டு காலு இருக்குல்லா, எங்க வேணாலும் பொழச்சிக்கிடுவேன்னு இருந்துட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது. மண்ணை வாரித் தூற்றினாலும் மண் ஒட்டாத மனுஷன். எங்கள் பக்கத்து ஆள் அவர் என்று சொல்லிக்கொள்ள அன்றைக்கு எனக்கு நெஞ்சு விரிந்தது.

ராமசுப்ரமணியன் சார் எழுந்து வந்தார். கல்லின்மேல் இருந்ததைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதை அன்னிக்கே என்கிட்டக் கொண்டு வந்தீர். நான் வாங்கியே பார்க்கலை. தப்பு என்னுதும்தான், கேட்டேளா" என்றார் சுடலைக்கண்ணுவிடம். பிறகு உச்சிமாகாளி பக்கம் திரும்பினார். "நீ இனிமே என் சைட்ல மேஸ்திரி இல்லே. தட்டுக்கு ஆணி அடிக்கணும்னா வா, கூலிக்கு. கம்பு பிரிக்கற பொறுப்பு உனக்கு நான் தரமாட்டேன்."

"செரி சார்" என்றான் உச்சிமாகாளி. மைக்கை அணைத்துக் கீழே வைத்தான். பதினோரு வருஷம் முதுகில் கிடந்த மூட்டையை இறக்கினவன்போல நின்றான். அவன் குறுகிப் போவான் என்று நினைத்தேன். நிமிர்ந்துதான் நின்றான்.

சுடலைக்கண்ணு வானத்தைப் பார்த்தார். "பேசிட்டே நின்னா மழை வந்துரும். மிஷின ஓட்டுங்கப்பா!"

அதற்கப்புறம் நடந்தது வார்ப்பு. அது மாதிரி ஒரு வார்ப்பை நான் பார்த்ததில்லை. எம்-சாண்ட் மணலும் ஜல்லியும் பெட்டி பெட்டியாக மிஷினில் விழுந்தன. முதல் கலவை வந்ததும் சுடலைக்கண்ணு ஒரு பிடி பிடித்துப் பார்த்து, "தண்ணி கொற" என்றார். 'சிமென்ட் கள்ளன்' என்று முணுமுணுத்தவனே ஓடிப்போய் வாளியை மாற்றினான். சட்டி கைமாறிக் கைமாறிப் படியேறியது. வரிசையில் முதல் ஆளாக, அண்ணன் பக்கத்தில், பொன்செல்வி நின்றாள். முதல் சட்டி அவள் கைக்குத்தான் வந்தது. நடக்கத்தானே கால் வேண்டும், நின்று சட்டி வாங்க அவளுக்குக் கை போதும். சபைக்காரர்கள், நாங்கள், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டின பாஸ்டர், எல்லாரும் ஒரே வரிசை. மேலே நின்று கலவையைக் குத்திச் சமப்படுத்தினது உச்சிமாகாளி. கடைசிச் சட்டி ஏறியபோது மணி இரண்டு. தார்ப்பாயை இழுத்து மூடுவதற்கும் முதல் துளி விழுவதற்கும் சரியாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிரியாணி சொல்லியிருந்தார்கள். பொன்செல்வி தனியாக ஒரு தூக்குவாளியில் கஞ்சியும் பயறும் கொண்டு வந்திருந்தாள். அண்ணனுக்குத் தன் கையால் ஊற்றிக் கொடுத்தாள். மிச்சமிருந்ததை மூடி, உச்சிமாகாளி உட்கார்ந்திருந்த மூலையில் பேசாமல் வைத்துவிட்டு வந்தாள்.

பாஸ்டர் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "பிரதரே, ஞானஸ்நானத்தை நாளைக்கே வச்சிக்கிடலாம். பேரு மாத்தணும். பவுல்னு வச்சா செரியா இருக்கும், அல்லே?"

"நாளைக்கு வேண்டாம் பாஸ்டர். கம்பு எடுத்த பொறவு போதும். பேரும் மாத்தண்டாம்."

"அதென்ன, அம்மன் பேரல்லே?"

"உச்சிமாகாளிங்குற பேர்லதான அம்புட்டும் செஞ்சேன். பவுல்னு மாத்திக்கிட்டா அதெல்லாம் யாரு செஞ்சதா ஆவும்? ஆண்டவருக்கு இந்தப் பேர்லயே என்னயத் தெரியட்டும்."

பாஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் தூரத்திலிருந்து கேட்டேன். சபையைப் பற்றி எனக்கு ஆயிரம் கேலி உண்டு, ஆனால் இதைக் கேலி பண்ண எனக்கு நாக்கு வரவில்லை.

இருபத்தோராம் நாள் கம்பு எடுக்கப் போனோம். பொன்செல்வி அதுவரை வீடு திரும்பவில்லை, அன்றைக்கும் அண்ணனோடுதான் வந்திருந்தாள். உச்சிமாகாளி, "மச்சான் சொன்னாத்தான் தொடுவேன்" என்று கைகட்டி நின்றான். சுடலைக்கண்ணு மேலே ஏறித் தளத்தைத் தட்டிக் கேட்டுவிட்டு இறங்கி வந்து, "எடுங்க" என்றார். ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தான். கடைசியாக நடுவில் ஒரே ஒரு கம்பு நின்றது. எல்லாரும் வாசலுக்கு வெளியே தள்ளி நின்றோம். அதுதான் முறை.

அப்போது பொன்செல்வி உள்ளே போனாள். காலை இழுத்து இழுத்து நடுவே போய், அந்தக் கம்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வலது காலை நீட்டிக்கொண்டாள்.

"ஏ செல்வி, வெளிய வாட்டி!" என்று உச்சிமாகாளி கத்தினான்.

"நீங்க எடுங்க."

"நீ இருக்கயில நான் எப்பிடிட்டி..."

"எங்கண்ணன் கலவயாக்கும் மேல இருக்கது. எடுங்கன்னு சொல்லுதேன்."

அவன் சுடலைக்கண்ணுவைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அவன் கம்புக்கு அடியில் இருந்த ஆப்பைத் தட்டினான். கம்பு தளர்ந்தது. உருவினான். ஷீட்டுக்குப் பதிலாக இப்போது தலைக்கு மேலே இருந்த அந்தச் சாம்பல் நிறத் தளம் ஒரு பொடிகூட உதிர்க்காமல் நின்றது.

பொன்செல்வி அண்ணாந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்பதுபோல, புருஷனைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அந்தக் கம்பக் கீழ போட்டுட்டு, இப்ப வந்து என்னயத் தூக்குங்க."

அவன் கம்பைக் கீழே போட்டான்.